செங்கல் நிறத்தில் ஒரு புட்டி

ஆய்வகக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் அந்தப் புட்டியைப் பார்த்ததும் சின்னவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய செலனைட் கரைசல், செங்கல் பொடியைப் போட்டுக் கலக்கியதுபோல் அடியில் சிவந்து கிடந்தது. யாரும் மூடிகூடத் திறக்காத புட்டி. ஒட்டியிருந்த சீட்டில் போன வாரத் தேதி, பக்கத்தில் முத்திரையின் கோழிக் கிறுக்கல்.

முத்திரை என்பது ஆய்வகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். பத்து வருடமாக ரப்பர் முத்திரையைத் தவிர வேறெதையும் அவர் கை தொட்டதில்லை. போன வாரம் மட்டும் தொட்டது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் முட்டைப் பொடி கலந்த பாலைக் குடித்த பதினான்கு பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். கிருமி சால்மோனெல்லா என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. அது பொடியில் வந்ததா, பாலைக் கலக்கியவள் கையில் வந்ததா என்பதுதான் கேள்வி. கலக்கியவள் சின்னவளின் அக்கா. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட மாதிரியை ஊழியர் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அதே தொகுப்பைச் சேர்ந்த, பிரிக்காத பாக்கெட் ஒன்றை வரவழைத்து முத்திரையே சோதித்தார். பொடியில் கிருமி இல்லை என்று எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பினார்.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் காப்பக மேலாளர் பெரியவளிடம் இன்னொரு காகிதத்தை நீட்டினார். என் சுத்தக்குறைவால் நேர்ந்தது, வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. பெரியவள் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்து சின்னவள் குதித்தபோது, அக்கா குழாயடியில் நின்று கிருமிநாசினி ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"உன் லேப்பே சொல்லிடுச்சுடி. அதுக்கப்புறம் நான் யார்கிட்ட போய் வாதாடுறது?" என்றாள்.

பதினெட்டு வருடம் ஊரான் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டவள், திருடியதுபோல் தலையைக் குனிந்து பேசியதைச் சின்னவளால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டக்கூடத் தெரியாதா இவளுக்கு என்று அக்கா மேலேயே எரிச்சல் வந்தது.

இப்போது புட்டியோடு நேராகப் போய் ஆட்டோகிளேவ் பதிவேட்டைப் புரட்டினாள். ஆட்டோகிளேவ் என்பது ஆளுயரப் பிரஷர் குக்கர், உள்ளே போனது எதுவும் உயிரோடு வெளியே வராது. போன வாரப் பக்கத்தில், பொடிச் சோதனைக்கென்று முத்திரை தன் கையாலேயே எழுதியிருந்தார்: செலனைட், நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.

செலனைட் ஒரு பொல்லாத கரைசல். கூட்டத்தோடு வரும் மற்ற கிருமிகளை வாசலிலேயே மடக்கிவிட்டு, தேடுகிற கிருமிக்கு மட்டும் விருந்து வைக்கும். பொடியில் நாலைந்தே இருந்தாலும் ஒரே நாளில் கோடிக்கணக்காகப் பெருகவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் லேசாகச் சூடு காட்டி இறக்கிவிட வேண்டும். குக்கரில் ஏற்றினால் சிவந்து கெட்டுப்போகும். காவல் போய்விடும், கண்ட கிருமியும் மண்டும், தேடியது அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் இதைக் கற்றுக்கொள்வார்கள்.

புட்டியை முத்திரையின் மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா வச்சேன். கிருமியைக் கொன்னது ஒரு தப்பா?"

"தப்புதான் சார். நீங்க சுத்தம் பண்ணினதுல என் அக்கா அழுக்காயிட்டா."

அறிக்கை போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, மீதிப் பொடியை நாளைக்குக் கொட்டிவிடப் போகிறோம் என்று அவர் மென்று முழுங்கினார். கொட்டினால் இந்தப் புட்டியும் பதிவேடும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றாள் சின்னவள். குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் அவரேதான் செய்ய வேண்டும், தன் விரல்கூடப் படாது என்றும் சொன்னாள்.

அப்படியே நடந்தது. சின்னவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, செலனைட் டப்பாவில் அச்சடித்திருந்ததை வரிவரியாக உரக்க வாசித்தாள். "ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். முத்திரைக்குக் காது சிவந்தது. முதல் நாள் பொடியைச் சாதாரண ஊட்டநீரில் ஊறவைத்தார், அரை உயிராய்க் கிடக்கும் கிருமி தெம்பாக எழட்டும் என்று. மறுநாள் அதில் கொஞ்சம் எடுத்துப் புது செலனைட்டில் விட்டார். மூன்றாம் நாள் கம்பி வளையத்தில் தொட்டு, கிருமி வளரச் சிவப்புக் கூழ் பரப்பிய தட்டில் கோடு இழுத்தார். அந்த மூன்று நாளும் சின்னவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா கை கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையில் தட்டைத் திறந்தபோது, இழுத்த கோடெல்லாம் கறுப்புப் பொட்டுகளாகப் பூத்திருந்தது. உறுதிசெய்யும் சோதனைகளும் அதையே சொல்லின. சால்மோனெல்லா, அதுவும் அக்கா கை படாமல், பிரிக்காமலே வந்த பாக்கெட்டில்.

மறுசோதனையில் கிருமி இருந்தது என்று மட்டும் எழுதிவிட்டு ரப்பர் முத்திரையைத் தேடினார் அவர். சின்னவள் அதைத் தன் உள்ளங்கைக்குள் வைத்திருந்தாள்.

"முதல் சோதனை ஏன் தப்பாச்சுன்னும் எழுதுங்க சார்."

"என் பேரு கெட்டுடும்மா."

"அவ பேரை உங்க முத்திரைதான் கெடுத்துச்சு. எழுதுங்க."

வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு எழுதினார்.

நகலோடு வீட்டுக்குப் போனாள். பெரியவள் நின்றபடியே படித்தாள், கடைசி வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள். ஆட்டோகிளேவ் என்றால் என்ன என்று கேட்டாள். தங்கை சொன்னாள். அழுவாள் என்றுதான் சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அக்கா அழவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. குழாயடியில் இருந்த கிருமிநாசினி பாட்டிலை எடுத்துத் தலைகீழாகச் சாக்கடையில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மேனேஜர் இப்ப இருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.