ஹமிஷின் மூடிய பெட்டி

டால்பி ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த சோளக்காட்டை ஒட்டி எங்கள் திடல் இருக்கிறது. காணாமல் போனவர்களைத் தேட ட்ரோன் பறக்கவிடும் தன்னார்வலர்கள் நாங்கள். குழுவுக்குத் தலைவி நான். எங்கள் ட்ரோனை ஓட்டும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்துகிறவர்களில் என் தங்கை மெரினும் ஒருத்தி.

ஹமிஷ் அடிலெய்டிலிருந்து ஒரு ரேடியோவோடு வந்தான். கையில் பிடிக்கத் திரை வைத்த கருவி ஒன்று, ட்ரோனில் பொருத்த ஒரு சின்னப் பெட்டி. கேமரா படமும் நம் கட்டளையும் அதன் வழியாக வெகுதூரம் போய்வரும். ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுடைய கம்பெனியின் ரகசியம். அதை எங்கள் மென்பொருளோடு சேர்த்துக் காட்டி, நான் சரி என்று சொல்லிவிட்டால் கம்பெனி அவனை இங்கேயே வேலைக்கு வைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை அடிலெய்டுக்கு விமானம். மெரின் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் வராந்தாவில் மட்டும் இரண்டாவதாக ஒரு நாற்காலி வந்திருந்தது.

"ட்ரோனுக்குப் போற இந்த ஒயர்ல உன் பெட்டி என்ன வேகத்துல பேசும்?" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

"அதச் சொல்லக் கூடாது."

"உன் பிறந்த நாளாவது சொல்லலாமா, அதுவும் ரகசியமா?"

"மார்ச்சுல. தேதி வேணும்னா மேலிடத்துல கேக்கணும்."

மெரின் ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று பொருந்தியதும் ட்ரோனின் உயரமும் பேட்டரி அளவும் அவன் திரையில் வந்து நின்றன. சிரிப்பை அடக்கியதில் ஹமிஷின் காது சிவந்தது.

சனிக்கிழமை காலை எல்லாம் தயார். வேலியில் உட்கார்ந்திருந்த காலா கிளிகளின் அலகுகூடத் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"பறக்க விடலாமா?" என்றான்.

"றெக்கையக் கழட்டு," என்றேன்.

எங்கள் திடலின் வழக்கம் அது. றெக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிடுவோம். பிறகு கையிலிருக்கும் கருவியை நிறுத்துவோம். தொடர்பு போய்விட்டது என்பதை ட்ரோன் தானே உணர்ந்து, 'வீடு திரும்பு' என்ற நிலைக்கு மாற வேண்டும். அதைத் தனியாக ஒயரில் மாட்டிய மெரினின் லேப்டாப்பில் பார்ப்போம். எந்தப் புது ரேடியோவும் இதைத் தாண்டாமல் மேலே போனதில்லை.

"எங்க ட்ரோன்ல எத்தனையோ தடவ பாத்தாச்சுங்க," என்றபடி ஹமிஷ் கருவியை நிறுத்தினான்.

மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் எந்த மாற்றமும் இல்லை.

மெரின்தான் முதலில் புரிந்துகொண்டாள். தொடர்பு போன பிறகும் பெட்டி கடைசிக் கட்டளையையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பெனியின் சொந்த ட்ரோனில், வீடு திரும்ப வைப்பதையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அதனால் அங்கே யாருக்கும் இது உறைக்கவில்லை. எங்கள் ட்ரோனோ யாரோ ஓட்டுகிறார்கள் என்று நம்பிப் போய்க்கொண்டே இருக்கும்.

"அப்படியே உன்ன மாதிரிதான் ஹமிஷ்," என்றாள். "லைன் போனாலும் கடைசியாச் சொன்னதையே சொல்லிட்டு இருக்கும். எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்குன்னு."

"என்னால சரின்னு சொல்ல முடியாதுப்பா," என்றேன். சொல்லும்போது மெரினைப் பார்க்கவில்லை.

அவன் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான். "உள்ள ஒரு அமைப்பு இருக்கு. தொடர்பு போனா கட்டளைய நிறுத்திடும். வாங்கறவங்களுக்கு அதத் திறக்கறதில்ல," என்றான்.

"மேலிடத்துல கேக்கணுமோ?" என்றாள் மெரின். குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

அவன் எங்கள் முன்னாலேயே மேலாளருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஏதேதோ சொன்னார்கள். இவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதத் திறக்கலன்னா வாங்காதீங்கன்னு இவங்ககிட்ட நானே சொல்லிடுவேன். என்ன எங்க வேணா அனுப்புங்க," என்றான்.

மெரின் சட்டென்று திரும்பி, மதியச் சாப்பாட்டுக்காக அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்த சாசேஜ்களைப் புரட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே புரட்டியவற்றையே புரட்டினாள்.

மேலிடம் முனகிக்கொண்டே திறந்தது. மறுபடி கருவியை நிறுத்தினோம். லேப்டாப்பில் 'வீடு திரும்பு' வந்தது. பிறகு றெக்கைகளை மாட்டி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டிவரை பறக்கவிட்டு அங்கே தொடர்பை வெட்டினோம். ட்ரோன் ஒரு நொடி தயங்கி, திரும்பி வந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கியது.

"சரி," என்றேன்.

மெரின் சாசேஜை ரொட்டியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். ஒரு பக்கம் கரி. "மார்ச்சுல என்ன தேதி?"

"பதினேழு."

"மேலிடத்துல கேட்டியா?"

அவன் கரிந்த பக்கத்தைக் கடித்து நிதானமாக மென்றான். "இனிமே உன்னத்தான் கேக்கலாம்னு இருக்கேன்," என்றான்.