நாற்பத்தேழாவது வரி

முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்து உதாரணத்தை றிப்னா மூன்றாந்தரமும் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாந்தரமும் அது முரண்டு பிடித்து நின்றது.

கல்பிட்டியில் கருவாட்டுக் கடைக்கு மேலே இருந்த அறை. இரண்டு மேசை, இரண்டு கதிரை, கழுத்துச் சுளுக்கிய ஒரு விசிறி. கொழும்புக் கம்பனியொன்று ஒரு மென்பொருள் கருவியின் கையேட்டை இங்கே அனுப்பியிருந்தது. நிரல் எழுதுகிறவர்களின் ஆயிரம் துண்டுக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டி, ஓடுகிற மென்பொருளாக்கித் தருகிற கருவி அது. கையேடு அறுநூற்று நாற்பது பக்கம். பழைய குறியீட்டு முறையில் எழுதியிருந்ததைக் கம்பனியின் மென்பொருள் புதிய முறைக்கு அரைகுறையாய் மாற்றித் தரும். மிச்சத்தை றிப்னாவும் மெரினாவும் பக்கம் பக்கமாய்த் திருத்த வேண்டும். நாலு மாதமாய் இதே வேலைதான். ஆறு மாதம் நிறைந்தால் நிரந்தர நியமனம் என்று மேற்பார்வையாளர் ரிஃபாஸ் சொல்லியிருந்தார். கெம்பஸ் வாசலே மிதிக்காத, பட்டமில்லாதவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? றிப்னா அந்த ஆறாவது மாதத்தைக் கலண்டரில் சிவப்பால் வளைத்து வைத்திருந்தாள்.

"இன்னும் அந்தப் பக்கத்தையா கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்காய்?" என்றாள் மெரினா.

"இங்க வந்து பாரு. கட்டளை வரி தொடங்குற இடத்தில டெப் விசை தட்டியிருக்கணும். கம்பனிட மென்பொருள் அத எடுத்துப்போட்டு நாலு வெற்றிடம் வச்சிருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். இந்தக் கருவி ஏத்துக்காது."

"உதாரணத்த ஓட்டிப் பாக்கச் சொல்லி நம்மளிட்ட யாரும் சொல்லல்லயே."

"ஆக்கிப் பாக்காம மீன் ஆணத்துக்குச் செய்முறை எழுதுவியா நீ?"

மெரினா தன் திரையைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நாளும் அனுப்பின பக்கம்?"

"எல்லாம் பிழைதான்."

"மாதாவே!"

றிப்னா விஷயத்தைச் சொன்னதும் ரிஃபாஸ் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "பார்வைக்குச் சரியா இருந்தாப் போதும் றிப்னா. நாள் பிந்தாம முடிச்சுத் தாங்க."

"சேர், இதப் படிச்சு வேலை செய்றவன் நம்மளத்தான் ஏசுவான்."

"சரி சரி, ஏலுமெண்டாத் திருத்துங்க."

ஏலுமாவது! றிப்னாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய பக்கத்தை நேரே வாசித்து, டெப்பை டெப்பாகவே விட்டு, புதிய குறிகளைப் போட்டு, உதாரணங்களைத் தானே ஓட்டிச் சரிபார்க்கிற ஒரு நிரலை மூன்று நாளில் எழுதி முடித்தாள். பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் மட்டும் அது குழம்பியது. அதற்காக நாற்பத்தேழாவது வரியில், பட்டியல் எத்தனை அடுக்கு வரை போகலாம் என்கிற எண்ணை, தேவைக்குக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வைத்தாள். முதல் வரியில், நிரலின் ஓட்டத்தைத் தொடாத குறிப்பாக, 'விளங்காவிட்டால் கேட்கவும்: றிப்னா, கல்பிட்டி' என்று எழுதித் தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து நிரலைத் தொடக்கினாள். பின்னேர அசருக்குப் பாங்கு சொல்ல முன் அறுநூற்று நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கருவாட்டு மூட்டையைத் தொப்பென்று போடுகிற சத்தம் கேட்டது.

"இத அனுப்பாத," என்றாள் மெரினா. "ஒரு நாளைக்குப் பத்துப் பக்கமா மெல்ல மெல்ல அனுப்புவம். ரெண்டு மாசம் ஓடிரும். உனக்கும் நியமனம், எனக்கும் நியமனம்."

"அது களவுடி."

"வேலை முடிஞ்சா நம்மள வச்சு என்னத்தச் செய்வான்?"

"இத எழுதத் தெரிஞ்சவள எந்தக் கம்பனி விடும்? போடி பயந்தாங்கொள்ளி!"

அனுப்பினாள். நிரலையும் சேர்த்தே அனுப்பினாள்.

திங்கட்கிழமை ரிஃபாஸ் அழைத்தார். குரலில் தேன் வடிந்தது. "மாஷா அல்லாஹ், வாடிக்கையாளர் அசந்து போயிட்டாங்க. ஒரு பிழையுமில்லயாம்."

"நியமனம், சேர்?"

"அதான்... ஒப்பந்தம் பக்கம் முடியிற வரைக்கும்தானே. பக்கம் முடிஞ்சி. ஆறு மாசம் நிறையல்லயே, மேலிடத்தில நியமனத்துக்குப் பேரெடுக்க மாட்டாங்க. வேற வேலை வந்தாக் கட்டாயம் உங்க ரெண்டு பேரையும் கூப்பிடுவன்."

மெரினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்தாள், விசிறியை நிற்பாட்டினாள், படி இறங்கிப் போனாள். ஏசியிருந்தால் கூட ஆறியிருக்கும். றிப்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்று மாதம் போயிற்று. இப்போது மர்ஸூக்கின் கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடிக்கிறாள். மெஷின் முரண்டு பிடித்தால் திருத்துவதும் அவள்தான். மர்ஸூக் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஒரு காலை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று கடையில் சனம் முட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. புது நம்பர். இளம் ஆண் குரல்.

"றிப்னா மிஸ்ஸா? இந்த நிரல்ட முதல் வரியில உங்கட நம்பர் இருந்துச்சி. நான் கம்பனியில புதுசா சேர்ந்திருக்கன். கையேட்டுட அடுத்த பதிப்பு வந்திருக்கு, ஓட்டினா இருபத்தாறு பக்கம் நிக்குது. ரெண்டு நாளா மண்டையப் போட்டு உடைக்கிறன்."

"நிரந்தரமா எடுத்திருக்காங்களா?"

"ஓம் மிஸ். போன மாசம் கெம்பஸ் முடிஞ்ச உடனே."

றிப்னா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கினாள். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

"பட்டியலுக்குள்ள பட்டியல், அதுக்குள்ள இன்னொண்டு இருக்கிற பக்கம்தானே நிக்குது?"

"ஓம்! எப்படித் தெரியும்?"

"நாற்பத்தேழாவது வரியப் பாருங்க. ரெண்டு எண்டு இருக்கும். மூண்டாக்கிட்டுத் திரும்ப ஓட்டுங்க."

விசைகள் தட்டுப்பட்டன. பிறகு, "அல்லாஹ்வே, எல்லாம் ஓடுது! மிஸ், நீங்க இப்ப எந்தக் கம்பனியில?"

"தங்கச்சி, ஆறு கொப்பி," என்று ஒரு கை அவள் முன்னே அடையாள அட்டையை நீட்டியது.

"மர்ஸூக் கொமியூனிகேஷன், கல்பிட்டி," என்றாள் றிப்னா, குரல் கொஞ்சமும் இறங்காமல். அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை அழுத்திப் பிடித்து, ஆறு என்று தட்டினாள்.