எக்ஸ்ரேக்கு ஏற்ற நாள்

குழந்தை சொன்ன நாளில் பிறந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது, போனது. அது பாட்டுக்கு உள்ளே சொகுசாகக் கிடந்தது. பெய்யுன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தைனான் நகரத்துச் சந்துகளில் நடையாய் நடந்தாள், படி ஏறினாள், காரமாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுத்தான் அந்தப் பெண் குழந்தை வெளியே வர மனம் வைத்தது. நல்ல எடை, தெருமுனை வரை கேட்கும் குரல். பெய்யுனின் அம்மா சிங்லியென்னுக்கு மனம் குளிர்ந்துபோனது. அந்த இரண்டு வாரம் என்ன வேலை செய்துவைத்திருக்கிறது என்று குழந்தை பிறந்து பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தெரியவைத்தவன் மருமகன் ஜுன்ஹோங். அவனுக்கு வான்கூவரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பள்ளிக்கூட வயதிலேயே பெற்றோரோடு போய் கனடாக்காரனாகிவிட்டவன். அப்பன் குடிமகன் என்பதால் குழந்தைக்குப் பாஸ்போர்ட் பிரச்சினை இல்லை. பெண்டாட்டியை அங்கே அழைத்துக்கொள்ளத்தான் விண்ணப்பம், ஆதாரம், அத்தாட்சி என்று எல்லாம். கல்யாண ஆல்பம் முதற்கொண்டு அனுப்பியாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு எக்ஸ்ரே.

இந்த மருத்துவப் பரிசோதனைக்கும் பெய்யுனுக்கும் ஜாதகத்திலேயே ஆகாது போலிருக்கிறது. கல்யாணமான புதிதில், குடியேற்ற அலுவலகம் கேட்கும்வரை காத்திருக்கலாம் என்று அவள் சொன்னாள். முன்னாடியே முடித்துவிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றான் ஜுன்ஹோங். சிங்லியென் மருமகன் பக்கம் சேர்ந்துகொண்டாள். பஞ்சாங்கத்தைப் புரட்டி, 'வைத்தியரைப் பார்க்க உகந்தது' என்று போட்டிருந்த நாளாகப் பார்த்துப் பொறுக்கியதும் அவள்தான். பரிசோதனையில் எல்லாம் சுத்தமாக வந்தது. அதன் ஆயுள் ஒரு வருடம். கோப்பு எங்கோ ஒரு மேசையில் தூங்கி எழுவதற்குள் அந்த வருடம் கழிந்துவிட்டது. பஞ்சாங்கம் எழுதுகிறவருக்குக் கனடா அலுவலகத்து வேகம் எப்படித் தெரியும் என்று பெய்யுன் அம்மாவை ஓட்டித் தள்ளினாள்.

மறுபடி பரிசோதனை கேட்டுக் கடிதம் வந்தபோது அவள் நாலு மாதக் கர்ப்பிணி. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரேயைப் பிள்ளை பெற்ற பிறகு எடுக்கலாம் என்றார்கள். பிரசவ நாளைக் கணக்கிட்டு அலுவலகமும் தாராளமாகவே அவகாசம் கொடுத்தது. இதற்கு மேல் நீட்டிக்க முடியாது, அதற்குள் வராவிட்டால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்போம் என்று கூடவே எழுதியும் விட்டது. கையில் இருப்பதை வைத்து என்றால் நிராகரிப்பு என்று ஜுன்ஹோங் விளக்கினான். நிராகரித்தால் மறுபடியும் முதலிலிருந்து.

அந்தக் கெடு வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வீட்டோடு இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் வழக்கம், அந்த மாதம் உட்காருவதோ அதற்கப்புறமும் பத்து நாளுக்கு மேல் போகும்.

மாதம் உட்காருவது என்றால் சிங்லியென் வீட்டில் விளையாட்டில்லை. வாசல் தாண்டக் கூடாது, தலை குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. நல்லெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் சேர்த்துக் கொதிக்கவிட்ட கோழியை மூன்று வேளையும் தின்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உடம்பில் காற்றுப் படக் கூடாது. இப்போது புகும் காற்று கிழவியான பிறகு மூட்டு மூட்டாக வலிக்கும் என்பதில் சிங்லியென்னுக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. மாதம் முடியுமுன் மகளை ஊர் ஊராக அலையவிடச் சொன்னால் அவள் என்ன சொல்வாள்? எக்ஸ்ரேயை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும், அது காவோசியுங்கில் இருக்கிறது, காரில் ஒரு மணி நேரம். உள்ளே ஏசி வேறு.

"நீயே அவங்களுக்கு எழுதிக் கேளு. பச்ச உடம்புக்காரிய வெளிய அனுப்ப முடியாதுன்னு சொல்லு" என்றாள் ஃபோனில் மருமகனிடம்.

"அவங்க ஊர்ல பிள்ள பெத்த மறுநாளே காபி வாங்க நடந்து போறாங்க அத்தை. காத்துன்னு எழுதினா புயலான்னு கேப்பாங்க" என்றான் ஜுன்ஹோங்.

சிங்லியென்னுக்குச் சிரிப்பு வரவில்லை. முடியாதென்றால் முடியாது என்று வைத்துவிட்டாள். இனி மகளிடமிருந்து பெரிய சண்டை வரும், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். பெய்யுன் பிறந்ததிலிருந்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னவளல்ல. இடதுகைக்காரியாக இருப்பதிலிருந்து, ஒரு வாரப் பழக்கத்தில் லிஃப்ட்காரனைக் கட்டிக்கொள்வது வரை, அம்மா வேண்டாம் என்றது எல்லாவற்றையும் செய்தே காட்டியவள்.

பெய்யுன் சண்டை போடவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "சரிம்மா. நான் போகல" என்றாள்.

அவ்வளவுதான். சிங்லியென் ஜெயித்துவிட்டாள். அடுக்களைக்குப் போய் கோழியைக் கிளறினாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் மெல்ல எழும்பியது. மகளின் மூட்டு தப்பித்ததே என்பதற்கான சந்தோஷம் இல்லை அது. கோப்பு கெட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், இந்தக் குழந்தை இங்கேதான் தவழும், இங்கேதான் நடக்கும் என்ற சந்தோஷம். அதை இன்னதென்று கண்டுகொண்டபோது சிங்லியென்னுக்கு வெட்கமாகிப்போனது. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

பின்கட்டில் அவள் கணவர் தியென்ஃபூ மறுநாள் கடைக்குப் பால்கெண்டை மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தார். இருவருமாக நடத்தும் மீன் கஞ்சிக் கடை, காலையில் மட்டும். அவர் பேசுவது அபூர்வம். பேசினால் மீனைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நம்ம பொண்ணு சரின்னு சொல்லி நீ எப்பவாச்சும் கேட்டிருக்கியா?" என்றார் மீனிடம்.

"வேலையப் பாரு, கிழக் குரங்கே" என்றாள் சிங்லியென். ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மாலையில் ஜுன்ஹோங் கூப்பிட்டான். அவனுக்கு அது விடிகாலை, வேலைக்குப் போகுமுன் குழந்தையைப் பார்க்கும் நேரம். பெய்யுன் ஃபோனைக் குழந்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு திரையில் அவன் விரல் பெரிதாகத் தெரிந்தது. கன்னத்தைத் தடவிப் பார்க்கிறான், அவன் கைக்குக் கண்ணாடிதான் அகப்படுகிறது. கதவோரம் நின்றிருந்த சிங்லியென்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழைப்பு முடியட்டும் என்று காத்திருந்து உள்ளே போனாள்.

"நாளன்னிக்கு புதன். காவோசியுங் போறோம்" என்றாள்.

பெய்யுன் நிமிர்ந்து பார்த்தாள். "காத்து?"

"காத்த நான் பாத்துக்கறேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காத்துக்காக மட்டும் நான் வேணாம்னு சொல்லல. நீ போயிடுவியேன்னுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம சரின்னே?"

பெய்யுன் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "எனக்கும் பயமா இருந்துச்சும்மா. அங்க அவன் வேலைக்குப் போயிட்டா நானும் இவளும் நாலு சுவரும்தான். நீயே வேணாம்னு சொல்லிட்டா, பழிய உன்மேல போட்டுட்டு இங்கயே இருந்துடலாம்னு நெனச்சேன்."

சிங்லியென் மகளின் காலை இழுத்து மடியில் வைத்துக் காலுறையை ஏற்றிவிட்டாள். இரண்டு பேருமே திருட்டுக் கழுதைகள் என்றாள். பெய்யுன் ஆமாம் என்றாள். ஒரே நாளில் அவள் வாயிலிருந்து வந்த இரண்டாவது ஒப்புதல்.

புதன்கிழமை கஞ்சிக் கடை திறக்கவில்லை. தியென்ஃபூ கையில் பால் புட்டியும் தோளில் துண்டுமாகத் தொட்டிலுக்குக் காவல் உட்கார்ந்தார். பெய்யுனுக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துத் துண்டு, முழங்கை மறைக்கும் சட்டை, இரட்டைக் காலுறை. வெளியே ஜூலை மாதத்து வெயில் தார்ச்சாலையை வறுத்துக்கொண்டிருந்தது. ஏசியை அணைக்க வேண்டும், சன்னலையும் ஏற்ற வேண்டும் என்று சிங்லியென் சொன்னதும் வாடகைக் கார் ஓட்டுநர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். தொப்பியைக் கண்டதும் புரிந்துகொண்டு, தன் மனைவியும் மூன்று தடவை மாதம் உட்கார்ந்தவள்தான் என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். காவோசியுங் போய்ச் சேரும்போது மூவரும் ஆவியில் வெந்து இறக்கிய மாதிரி இருந்தார்கள்.

எக்ஸ்ரே அறை வாசலில் சிங்லியென் மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஏசியை நிறுத்தினால்தான் மகளை உள்ளே விடுவேன் என்றாள். படமெடுக்கும் பெண் சின்ன வயதுக்காரி, அது இயந்திரத்துக்கான ஏசி, மனுஷருக்கில்லை என்றாள். பெய்யுன் வெட்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண், காற்று அடிக்கும் பக்கத்தில் ஒரு தடுப்புத் திரையை இழுத்து நிறுத்தினாள். நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டிய பலகை சில்லென்று இருக்குமே என்றாள் சிங்லியென். அந்தப் பெண் தன் இரு உள்ளங்கையாலும் பலகையைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கினாள். மகளின் தொப்பியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவு மூடியது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல் கேட்டது. இத்தனை வருடக் காத்திருப்பு ஒரு மூச்சில் முடிகிற காரியமா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போது வரவேற்பு மேசைப் பெண் வந்து மடித்த நீலச் சட்டை ஒன்றை அவள் கையில் திணித்தாள். "உள்ள போய் மாத்திக்கோங்கம்மா. அடுத்தது நீங்கதான?"

"எனக்கெதுக்கு? என் பொண்ணுக்குத்தான் எக்ஸ்ரே."

"அய்யோ, மன்னிச்சுக்கோங்க. உங்க வயசுல வர்றவங்க எல்லாரும் பேரப்பிள்ள கூடப் போய்த் தங்குற விசாவுக்குத்தான் வருவாங்க. அதான் நீங்களும்னு நெனச்சுட்டேன்." எதிர் நாற்காலியில் அதே நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தம்பதியைக் கண்ணால் காட்டினாள். அந்த அம்மாள் சிங்லியென்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"போய்த் தங்கலாமா? எத்தன நாளைக்கு?"

"நாளா? வருஷக்கணக்கா இருந்துட்டு வர்றாங்க. போறதுக்கு இந்தப் பரிசோதனை வேணும், அவ்வளவுதான்."

சிங்லியென் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். போகிறவள் போய்விடுவாள், இருக்கிறவள் இருந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாளும் அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே முடிவு செய்து, அவளாகவே அழுதும் வைத்திருந்தாள்.

பெய்யுன் வெளியே வந்தாள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இன்றைக்கே அனுப்பிவிடுவதாக மருத்துவர் சொன்னார் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. சிங்லியென் அவள் தலையில் தொப்பியை மாட்டி, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். வாயைக் கட்டிவிடுகிற அளவுக்குச் சுற்றிய பிறகுதான் நிறுத்தினாள்.

"அம்மா, அதென்ன கையில?"

சிங்லியென் நீலச் சட்டையை விரித்துத் தன்மேல் வைத்து அளவு பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முதல்ல இவளுக்கு விசா வரட்டும். எக்ஸ்ரேய சீக்கிரமே எடுத்துட்டா வீணாப்போயிடும்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான் வரும்போது இதைவிடப் பெருசா ஒண்ணு எடுத்து வை. இது எனக்கு இடுப்புல பத்தாது."