சவேரி வீட்டுக் குருத்தோலை

அலோசியஸுக்கு மத்தியானத் தூக்கம் வந்தாலே அந்தக் கனவும் கூடவே வந்துவிடும். கடலுக்கு அடியில் பச்சை வெளிச்சம். எதிரே ரகுபதியின் வலை மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். மீன்கள் ஒவ்வொன்றாக அந்த வழியே வெளியேறும். போகும்போது அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். அவன் கையில் கத்தி இருக்கும். கீழே போடலாம் என்றால் விரல்கள் பிரியாது.

கனவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நடந்ததைத்தானே அது காட்டியது. சாந்தோம் கரையோரக் குப்பத்தில், போன வருஷம் ரகுபதியின் வலையை அறுத்தது சாட்சாத் அலோசியஸ்தான். தனக்கு நாள் கணக்கில் ஒன்றும் மாட்டாமல், அவனுக்கு மட்டும் வஞ்சிரமாகக் கொட்டுகிறதே என்ற வயிற்றெரிச்சல். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பழி விழுந்தது சவேரியின் தலையில். முந்தின நாள்தான் அவன் ரகுபதியோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தான். ஊருக்கு அது போதாதா? சவேரி வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, அவன் வாசலை யாரும் மிதிக்கக்கூடாது, அவன் படகில் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று பஞ்சாயத்தில் கட்டு போட்டார்கள்.

"மாதா மேல சத்தியமா நான் அறுக்கல!" என்று சவேரி தொண்டை கிழியக் கத்தினான்.

அலோசியஸ் அதே கூட்டத்தில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். என்ன ஆராய்ச்சியோ!

அதற்கப்புறம் அவன் கோயிலுக்கு முன்னைவிட அதிகமாகவே போனான். பாட்டுப் பாடினான், பெஞ்சு துடைத்தான். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும் இடத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை.

திருநீற்றுப் புதன் நெருங்கியது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைகள் வீட்டுக்கு வீடு சாமி படத்துக்கு மேலே காய்ந்து கிடக்கும். அவற்றை வாங்கி வந்து கோயிலில் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் எல்லார் நெற்றியிலும் பூசுவார்கள். ஓலை வாங்கும் வேலை இந்த முறை அலோசியஸுக்கு வந்தது.

கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பினான். மாசிப் பனி இன்னும் கரையை விட்டு விலகவில்லை. படகுகள் மணலில் கிடக்கின்றனவா, காற்றில் மிதக்கின்றனவா என்று சொல்ல முடியாது. பாதித் தூக்கத்தில் வாசல் வாசலாக நின்று ஓலை வாங்கியவன், நிமிர்ந்து பார்த்தால் சவேரி வீட்டு வாசலில் நிற்கிறான். கால் எப்படி அந்தச் சந்தில் திரும்பியது என்று அவனுக்கே விளங்கவில்லை.

கதவைத் திறந்தது சவேரியின் மனைவி செண்பகம்.

"அலோசிண்ணா! ஓல வாங்க வந்தியா? எங்க ஊட்டுக்கா?"

உள்ளே ஓடினாள். மாதா படத்துக்கு மேலிருந்த ஓலைச் சிலுவையை எடுத்து, முந்தானையால் தூசு தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"கட்டு போட்டதுக்கு அப்புறம் இந்த வாசப்படில வந்து நின்ன மொத ஆளு நீதாண்ணா. நீ நல்லா இருப்ப."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். வாழ்த்தை எங்கே வைத்துக்கொள்வது? மற்ற வீடுகளுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு நடந்தான். பையை இறக்கிய கையோடு பாதிரியாரின் காலடியில் மண்டியிட்டுவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான், தேம்பித் தேம்பி அழுதான்.

பாதிரியார் செபம் சொல்லி அவன் தலையில் கை வைத்தார். "கடவுள் உன்னை மன்னிச்சுட்டார் அலோசியஸ். அதுல சந்தேகமே படாதே. நீ எப்ப வருவேன்னு அவர்தான் காத்துக்கிட்டு இருந்தார்." அவனைக் கைகொடுத்து எழுப்பிவிட்டுச் சொன்னார்: "ஆனா, சவேரி வாசலை மூடினது கடவுள் இல்லையேப்பா."

அன்று மத்தியானமும் கனவு வந்தது. இந்த முறை வலைக்குள் இருந்தது அவனே. மூச்சு முட்ட, திசை தெரியாமல் தடவிக்கொண்டே போனால், தான் அறுத்த அதே கிழிசல். அதை யாரோ இரண்டு கைகளால் விரித்துப் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. உள்ளங்கைகளில் ஆணிக் காயம் இருந்தது. அலோசியஸ் அந்த வழியே வெளிச்சத்துக்குள் நழுவினான். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. அவனுக்கு இனம்புரியாத சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம், மீன் ஏலம் போடும் இடத்தில் ஊரே கூடியிருந்தபோது எழுந்து நின்றான்.

"ரகுபதி வலய அறுத்தது நான். சவேரி இல்ல."

ரகுபதி விட்ட அறையில் காது அடைத்துப்போனது. பஞ்சாயத்து அங்கேயே கூடி, சவேரியின் கட்டை அவிழ்த்து அலோசியஸுக்குப் போட்டது. அவன் மனைவி பிலோமினா துணிமணியைக் கட்டிக்கொண்டு காசிமேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். புதன்கிழமை அவன் நெற்றியில் பூசிய சாம்பலில் செண்பகம் கொடுத்த ஓலையும் இருந்தது.

அந்தப் புதனில் தொடங்கிய தவக்காலம் முழுக்க அவன் வாசலில் ஒரு காக்காய்கூட வந்து நிற்கவில்லை. டீக்கடைக்காரன் கிளாஸ் நீட்டவில்லை, எந்தப் படகும் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. கனவு இல்லாமல் தூங்கினான், அது உண்மை. ஆனால் மன்னிப்புக் கிடைத்த மனுஷனுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பேசுவதற்கு ஓர் ஆளும் வேண்டுமே. குருத்தோலை ஞாயிறன்று கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பூசை பார்த்தான். ஓலை கொடுத்துக்கொண்டு வந்தவன் அவனைக் காணாதது போலத் தாண்டிப் போனான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

யாரோ தட்டினார்கள்.

திறந்தால் செண்பகம். கையில் பச்சை வாசனை மாறாத ஓலைச் சிலுவை.

"இங்க வரக்கூடாது செண்பகம். ஊரு கட்டு கீது."

"வாசல் மூடிக் கெடந்தா எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா, இன்னா?"

அவளுக்குப் பின்னால், சந்தில், சவேரி முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றிருந்தான். திரும்பாமலே பேசினான்.

"எனுக்கு இன்னும் கோவம் போவல. உன் மூஞ்சப் பாத்தா அறையணும்னுதான் தோணுது." காறித் துப்பிவிட்டுத் தொடர்ந்தான். "நாளைக்குக் காலீல வா. வேற எவனும் உன்ன ஏத்திக்க மாட்டான். எம் படகுல எடம் கீது."

அலோசியஸ் ஓலையை வாங்கக் கையை நீட்டினான். கத்தியை விடாத அந்த விரல்கள் பிரிந்திருந்தன.