அம்புக்குறி மேல் சந்தனம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. மூன்றே சொல்: "பாத்தாச்சு, நீ போடு." சொன்னவன் நான். வருடம் 1974.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காக்களூரில் பொழுது புலரும்போது வார்னிஷ் மணம்…" அடித்துவிட்டேன். பொழுது புலரும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வேலை எட்டு மணிக்குத்தான்.

அடுத்தது: "மின்பொறியியல் டிப்ளமோவில் ஆறு மாதம் கம்பெனிப் பயிற்சி கட்டாயம். பயிற்சிக் குறிப்பேட்டில் ஃபோர்மன் கையெழுத்து இல்லாமல் பரீட்சை எழுத முடியாது." அழகில்லைதான். ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது, இருக்கட்டும்.

2

சாலமோன் மீஞ்சூர்க்காரன். அப்பா ரயில்வே கேங்மேன். டிப்ளமோ முடித்ததும் மின்சார வாரியத்தில் சேர்வது அவன் திட்டம். என்னோடு அதே பாலிடெக்னிக், காக்களூரில் அதே சின்னப் பம்புசெட் கம்பெனி. பேசின்பிரிட்ஜில் ரயில் மாறி வருவான். [உயரமானவன் என்று எழுதி, சந்தேகம் வந்து நிறுத்தினேன். நினைவில் எல்லோரும் கொஞ்சம் வளர்ந்துவிடுகிறார்கள்.]

நான் காக்களூருக்குப் பக்கத்துத் திருவள்ளூர். கோயில் கைங்கர்யக் குடும்பம். எங்கள் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த முதல் கை என்னுடையது. செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் கீறல். மத்தியானம் என் தயிர்சாதமும் அவனுடைய கருவாட்டுக் குழம்பும் ஒரே பெஞ்சில். (குழம்பைத் தொட்டேனா என்று கேட்காதீர்கள். அப்பா இன்னும் இருக்கிறார்.) அந்த ஆறு மாதம்போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை. இதற்கு அலங்காரம் வேண்டாம்.

3

ஒரு வெள்ளிக்கிழமை, ஃபோர்மன் பரசுராமன் எங்கள் இருவரை மட்டும் ஆரம்பாக்கத்துக்கு அனுப்பினார். ஆதிநாராயணன் என்பவரின் வயல் கிணற்றில் புது மோட்டார் பூட்ட வேண்டும். ஒயர் கொடுப்பது சாலமோன். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மோட்டார் மேல் அம்புக்குறி இருக்கும். அதன்படி சுற்றுகிறதா என்று பார்ப்பது நான்.

பத்தரைக்கு ராகுகாலம். பத்து இருபதுக்கு ஆதிநாராயணனின் மனைவி கெங்கம்மாள் பூஜைத் தட்டோடு வந்து நின்றார்.

"ஐயரு ஊட்டுப் புள்ள கீறப்போ நாங்க இன்னாத்துக்கு நைனா? நீயே பொட்டு வச்சு கற்பூரம் காட்டு."

(நாங்கள் ஐயங்கார். அங்கே அந்தத் திருத்தம் எடுபடாது.) எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதமாக யாரும் என்னை அவ்வளவு பெரிய மனிதனாக நடத்தியதில்லை. மோட்டாருக்கு நெற்றி எது என்று தேடி, குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்புக்குறி அதற்கு அடியில் போய்விட்டது. நான் அதை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து சாலமோன் கத்தினான், அம்பு பாத்தியாடா என்று. நான் சொன்ன பதில்தான் உங்களுக்குத் தெரியுமே.

தண்ணீர் வந்தது. தேங்காய் உடைந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். [குறிப்பு: அந்த வகைப் பம்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும். ஒரு சொட்டும் வராமல் இருந்திருந்தால் தப்பு அன்றே தெரிந்து பிழைத்திருப்போம்.]

4

கிணறு வற்றுகிறது என்று நினைத்துப் பத்து நாள் காத்திருந்தார் ஆதிநாராயணன். நட்ட பயிரில் பாதி கருகிய பிறகு கம்பெனிக்கு வந்தார். பரசுராமன் போய் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டார். இரண்டு நிமிட வேலை. தண்ணீர் கொட்டியது.

மறுநாள் அவர் அறையில் நாங்கள் இருவரும். மேசைமேல் இரண்டு குறிப்பேடுகள்.

"அம்ப பாத்தது எவன்டா?"

சாலமோன் என்னைப் பார்த்தான். நான் மேசைமேல் இருந்த என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர், ஒருவரும் சொல்லாவிட்டால் ஒயர் கொடுத்தவன்தான் பொறுப்பு என்றார். என் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார். சாலமோனுடையதைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

திருவள்ளூர் ஸ்டேஷனில் அவன் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்டா."

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். ரயில் வந்தது, ஏறினான். பரீட்சைக்கு வரவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டான் என்றார்கள்.

5

முடிவுகள்.

அ) நான் மீஞ்சூருக்குப் போய் அவன் அப்பாவிடம் உண்மையைச் சொல்கிறேன். (புறப்பட்டேன். பேசின்பிரிட்ஜில் ரயில் மாறாமல் வீடு திரும்பினேன். வேண்டாம், இந்த முடிவு.)

ஆ) பம்பாயில் சாலமோன் சொந்தத் தொழிற்சாலை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் சிரிக்கிறான், எல்லாம் நல்லதுக்குத்தான்டா என்கிறான். இது என் தூக்கத்துக்காக எழுதியது. கிழித்துவிட்டேன்.

இ) பரசுராமன் கேட்டதும் நான் நிமிர்ந்து

மூன்றாவதைப் பதினோரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. கதைதானே, காசா பணமா, சொல்லித் தொலையேன்டா என்று என்னையே திட்டிப் பார்த்தேன். கதையில்கூட வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அந்த அறையை அப்படியே விட்டுப் போகிறேன். பரசுராமன் இப்போதுதான் கேட்டிருக்கிறார். சாலமோன் என் பக்கம் திரும்பியிருக்கிறான். அவனுக்கு என்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் வந்து என் இடத்தில் நில்லுங்கள். சீக்கிரம், அவர் பேனாவைத் திறக்கிறார்.