அல்பேட்டின் செய்மதி வானொலி

அல்பேட் புதுக் கார் வாங்கப் போனது 2009 ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை. பழைய கார் கனடாவின் பெப்ரவரிக் குளிரோடு கண்ணை மூடிவிட்டது. இரண்டு மாதம் பஸ்ஸுக்கு நின்று களைத்த பிறகு, மனைவி எமில்டாவையும் கூட்டிக்கொண்டு கெனடி வீதியில் இருந்த ஒரு கார்க் கடைக்குப் போனான்.

விற்பனைக்கு நின்றவர் பிரவீண் என்ற சென்னைக்காரர். ஒரே மாதிரியான இரண்டு கார்களைக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே மாடல்தான் சார். இந்த வெள்ளை வண்டியில சாட்டிலைட் ரேடியோ இருக்கு. மூணு மாசம் ஃப்ரீ. பிடிச்சிருந்தா அப்புறம் மாசா மாசம் கட்டிக்கலாம். சாம்பல் கலர்ல அது கிடையாது, விலையும் கொஞ்சம் குறைவு."

எமில்டாவுக்குச் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. "அந்த றேடியோவிலை தமிழ் வருமோ?" என்று கேட்டாள்.

"தமிழ் வராது மேடம்."

"பின்னை என்னத்துக்கு? தமிழ் றேடியோ வீட்டிலை சும்மா கேக்குது. வேண்டாம்."

அல்பேட் வெள்ளைக் காரின் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தான். "பீபீசி வருமோ?"

"இருபத்திநாலு மணி நேரமும் வரும் சார். நயாகரா போனாலும் வரும், ஒட்டாவா போனாலும் வரும்."

"அப்ப வெள்ளையைத் தாங்கோ."

எமில்டா அவனை விசித்திரமாகப் பார்த்தாள். போன வருடம்தான் வீண் செலவென்று சொல்லி வீட்டுக் கேபிளை வெட்டுவித்தவன் அவன். "உங்களுக்கு என்ன பேய் பிடிச்சது?" என்றாள். அவன் மனதில் இருந்த பெயரை மனைவிக்குச் சொல்லமுடியாது. அந்தப் பெயர் இக்னேசியஸ்.

வெக்ஸ்போர்டில், அவர்கள் இருந்த அதே கட்டடத்தின் நாலாம் மாடியில்தான் இக்னேசியஸ் இருந்தார். மன்னார்க்காரர். மனைவி இறந்து இரண்டு வருடம். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கறுப்புக் கார் ஓடினார். அதிலும் இப்படியொரு செய்மதி வானொலி இருந்தது. நாள் முழுக்க உலகச் செய்தி கேட்டபடி ஓடுவார். இலங்கையில் வன்னிச் சண்டை இறுகி, சனம் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்ட அந்த மாதங்களில், கட்டடத்துத் தமிழர்கள் பின்பக்கக் கார்த் தரிப்பிடத்தில் அவர் வந்து இறங்கக் காத்து நிற்பார்கள். தமிழ் வானொலிகள் ஒன்று சொல்லும், இணையம் இன்னொன்று சொல்லும். இக்னேசியஸ் கேட்டதை மட்டும் சொல்வார். கேளாததைக் கேளாதது என்பார். அதனால் அவர் சொன்னால் நம்பினார்கள்.

முன்பு அந்த இடம் அல்பேட்டுடையது. லிப்டுக்குள், சலவை அறையில், எங்கே கண்டாலும் "என்ன அல்பேட், புதுசா ஏதும்?" என்று கேட்டவர்கள் இப்போது அவனைத் தாண்டிக் கறுப்புக் காரடிக்குப் போனார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எமில்டாவும் போனதுதான் அவனை எரித்தது.

எமில்டாவின் ஒரே தம்பி வின்சன்ற் அந்தக் கடற்கரைத் துண்டுக்குள்தான் அகப்பட்டிருந்தான். ஏப்ரல் தொடக்கத்தில் யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் இரண்டு நிமிடம் கதைத்தான். காலில் காயம், பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்றான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அன்றிலிருந்து எமில்டா முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிவிடுவாள். சண்டையை நிறுத்தச் சொல்லி நகர மத்தியில் ஊர்வலம் என்றாலும் இக்னேசியஸின் காரில்தான் போனாள். அல்பேட்டிடம் கார் இல்லையே.

இனிக் கார் இருக்கிறது. வானொலியும் இருக்கிறது. இனி அவள் ஏன் அங்கே போகவேண்டும்?

முதல் நாள் மாலை அவளை முன் இருக்கையில் ஏற்றி, லோறன்ஸ் வீதியால் மெதுவாக ஓடியபடி செய்தியை வைத்தான். பன்றிக் காய்ச்சலைப் பற்றி ஒருவர் கதைத்தார். பிறகு வங்கிகள் வீழ்ந்த கதை. பிறகு இங்கிலாந்துக் கிரிக்கெட். இருபத்தைந்து நிமிடம் கழித்து இலங்கையின் பெயர் வந்தது. அல்பேட் ஒலியைக் கூட்டினான். அதே நேரம் கார் ரயில் பாலத்துக்குக் கீழே போனது, சத்தம் அறுந்தது. வெளியே வந்தபோது வேறு நாடு.

"என்னவாம் சொன்னவை?" என்றாள் எமில்டா.

"சண்டை நடக்குதாம்."

"அது தெரியுந்தானே."

உண்மையில் பாலம் மட்டும் குற்றவாளி அல்ல. இருபது வருடம் கனடாவில் இருந்தும் அந்த இங்கிலாந்துக்காரர்களின் வேக ஆங்கிலம் அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. அஜின்கோர்ட்டில் அவன் போர்க்லிப்ட் ஓட்டும் களஞ்சியத்தில், மதிய இடைவேளைக்குக் காரில் போயிருந்து, சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு காதைக் கூர்ப்பாக்கிக் கேட்டான். ஒரே செய்தியை மூன்று தரம் கேட்டுத் துண்டு துண்டாகச் சேர்த்தான். பின்னேரம் அதை எமில்டாவுக்குச் சொல்லுவான். அவள் முழுதும் கேட்பாள். கேட்டு முடிந்ததும், "எதுக்கும் இக்னேசியஸ் அண்ணையிட்டையும் ஒருக்காக் கேட்டிட்டு வாறன்" என்று எழும்பிப் போவாள்.

அந்த "எதுக்கும்" என்ற சொல் அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது.

மே மாதம் பதின்மூன்றாம் திகதி, புதன்கிழமை. அல்பேட் வேலையால் வந்து காரை நிறுத்தியபோது, நாலு கார் தள்ளிக் கறுப்புக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் இக்னேசியஸ். கதவுக்கு வெளியே கார்க் கூரையில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி எமில்டா. அவள் தோள்கள் குலுங்கின. வாய்விட்டு அழுதாள். இக்னேசியஸ் அவளைத் தொடவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. ஸ்ரியறிங்கில் இரண்டு கைகளையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அல்பேட் தன் காருக்குள்ளேயே இருந்தான். தம்பிக்குக் காயமென்று தெரிந்த நாளிலும் எமில்டா அவன் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோற்றை வடித்தாள், துணி மடித்தாள், படுத்தாள். அந்தக் கண்ணீரெல்லாம் இங்கே வருவதற்குத்தான் சேர்த்து வைத்திருந்ததா? இக்னேசியஸ் ஒரு பிழையும் செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வயிறு இன்னும் எரிந்தது.

வேறு கதவால் மேலே போனான். சிறிது நேரத்தில் எமில்டா முகம் கழுவியவளாக வந்தாள். வழக்கம்போல, "ஏதும் கேட்டனீங்களோ?" என்றாள்.

மதியம் அவன் கேட்ட செய்தி, காயப்பட்டவர்களை ஏற்றப் போகும் கப்பல் எதுவும் கரைக்குக் கிட்டப் போகமுடியவில்லை என்பது.

"ஓம்" என்றான். "கப்பல் ஒண்டு வந்ததாம். காயப்பட்ட சனத்தை ஏத்திக்கொண்டு திருகோணமலைக்குப் போயிட்டுதாம்."

"எப்ப?"

"இண்டைக்கு விடிய. கால் காயக்காரர்தான் கனபேராம்."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லாத வேலை என்று சொல்லும்போதே அவனுக்குப் பட்டது. ஆனால் அவள் முகம் அதைக் கேட்டு மாறியதை அவன் கண்டான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் இரத்தம் ஓடியது. அவள் அவன் பக்கத்தில் வந்து இருந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வின்சன்ற்றையும் ஏத்தியிருப்பினம் என்ன?"

"ஏத்தியிருப்பினம்."

அன்றைக்கு அவள் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கீழே போகவில்லை. திருகோணமலைக்கு ரெலிபோன் எடுத்தாள். அங்கே கமலாம்பிகை என்றொருத்தி இருந்தாள், ஒரு காலத்தில் எமில்டாவோடு கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவள். "அக்கா, ஆஸ்பத்திரியிலை ஒருக்காப் போய்ப் பாப்பியளோ?" என்று எமில்டா கெஞ்சுவதைக் கேட்டபடி அல்பேட் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை லிப்டுக்குள் இக்னேசியஸ் நின்றார். எமில்டா முகம் மலர்ந்து, "அண்ணை, கப்பல் வந்ததை நீங்களும் கேட்டனீங்களோ? இவர் கேட்டவர்" என்றாள்.

இக்னேசியஸ் அல்பேட்டைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அல்பேட்டுக்கு விளங்கியது.

"நேற்று உம்மைக் கண்ட பிறகு முழுக்க எனக்குச் சவாரி. ஒழுங்காக் கேக்கேல்லை, தங்கச்சி" என்றார் அவர்.

காட்டிக் கொடுத்திருந்தால்கூட அல்பேட் அவரை அவ்வளவு வெறுத்திருக்கமாட்டான்.

ஐந்து நாளில் சண்டை முடிந்தது. திங்கட்கிழமை கட்டடம் முழுதும் செத்த வீடு போலக் கிடந்தது. கறுப்புக் காரடியில் ஒருவரும் நிற்கவில்லை. இனிக் கேட்க என்ன இருக்கிறது? அல்பேட் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வானொலியைத் தொடவில்லை.

செவ்வாய் மாலை கமலாம்பிகை ரெலிபோன் எடுத்தாள். எமில்டா சோறு பிசைந்த கையோடு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எமில்டா, நாலு நாளா ஏறி இறங்கிட்டன். வாட்டு வாட்டாப் பாத்தாச்சு. வழியிலை ஆமிக்காரர் மறிச்சு ரெண்டு மணித்தியாலம் வைச்சு, ஆரைத் தேடுறாய், அவன் உனக்கு என்ன முறை எண்டு கேள்வி மேலை கேள்வி. நேர்ஸ்மார் சொல்லினம், போன கிழமை நடுவிலை அப்பிடி ஒரு கப்பலும் வரேல்லையாம்."

"இல்லை அக்கா, வந்தது. இவர் றேடியோவிலை கேட்டவர்." எமில்டா திரும்பினாள். "என்னப்பா, புதன்கிழமைதானே?"

அல்பேட்டுக்கு இன்னொரு பொய் வாய்வரை வந்து நின்றது, திகதியை மாற்றிச் சொல்லலாம், ஆஸ்பத்திரியை மாற்றிச் சொல்லலாம். அந்த மனுஷி இன்னும் நாலு நாள் அலைவாள்.

"நான் கேக்கேல்லை" என்றான்.

"என்னது?"

"கப்பல் வந்ததெண்டு நான் கேக்கேல்லை. நானாச் சொன்னனான்."

எமில்டா கையைக் கழுவிவிட்டு வந்து ரெலிபோனை எடுத்து அவனிடம் நீட்டினாள். "அக்காவுக்குச் சொல்லுங்கோ."

அவன் சொன்னான். மன்னிக்கச் சொல்லிக் கேட்டான். கமலாம்பிகை திட்டவில்லை. "நான் நாளைக்கும் போறதுக்குத்தான் சீலை எடுத்து வைச்சனான், தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏன்?" என்றாள் எமில்டா.

உமக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்றுதான் என்று சொல்லத் தொடங்கினான். அவள் பார்வைக்கு முன்னால் அது நிற்கவில்லை.

"நீர் அவருக்கு முன்னாலை நிண்டு அழுதனீர். எனக்கு முன்னாலை ஒருநாளும் அழேல்லை."

"அவர் எனக்கு ஆர்? பிறத்தி மனுசன். பிறத்தியாருக்கு முன்னாலை அழுதிட்டு வரலாம். வீட்டுக்குள்ளை நான் அழத் தொடங்கினால் ஆர் சமைக்கிறது, ஆர் விடிய எழும்பி வேலைக்குப் போறது? இது விளங்காமல், என்ரை தம்பியைக் கப்பலிலை ஏத்தினீங்களே. நான் ஆறு நாள் அவனைக் கட்டிலிலை படுத்திருக்கிறதாப் பாத்தன்."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அவனோடு வேண்டியதை மட்டும் கதைத்தாள். புதுக் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போய் வந்தாள். கறுப்புக் காரடிக்கும் போகவில்லை. அதைப் பார்த்து மகிழ முடியாதபடி அல்பேட்டின் மனம் வெறுமையாக இருந்தது.

ஜூலை நடுப்பகுதியில் வானொலிக் கொம்பனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இலவச மாதங்கள் முடிகின்றன, தொடர விருப்பமா, பாதி விலைக்குத் தருகிறோம் என்றாள். சேவையில் ஏதும் குறையா என்று அக்கறையோடு கேட்டாள். குறை ஒன்றும் இல்லை, தனக்குத் தேவையில்லை என்று அல்பேட் ஆங்கிலத்தில் சொன்னான். நயாகராவரை கேட்கும் அந்தப் பெட்டி அடுத்த நாள் ஊமையானது.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவன் தனியே வந்து இறங்கியபோது, இக்னேசியஸ் தன் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அல்பேட், கொஞ்சம் நில்லும். செட்டிகுளம் அகதி முகாமிலையிருந்து என்ரை மச்சாள் ஒருத்தி கதைச்சவள். ரெண்டு கூடாரம் தள்ளி வின்சன்ற் இருக்கிறானாம். பேரும் ஊரும் சரி. ஒரு காலை எடுத்துப்போட்டினமாம். ஆள் உயிரோடை இருக்கிறான்."

"எமில்டாவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை. நீர் போய்ச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லத் தேவையில்லை."

அல்பேட் லிப்டை நோக்கி நடந்தான். பத்து அடிகூட இராது. அந்தப் பத்தடிக்குள், இந்தச் செய்தியைத் தானே தேடிப் பிடித்ததாகச் சொல்லலாம் என்ற எண்ணம் வந்தது. இந்த முறை பொய்யுமில்லை, வின்சன்ற் உயிரோடுதானே இருக்கிறான். இக்னேசியஸ் வாய் திறக்கமாட்டார். விட்டுக்கொடுப்பதிலும் இந்த மனுஷன் தன்னை முந்திவிட்டாரே என்று நெஞ்சு புகைந்தது. பொத்தானை அழுத்தப்போன கையை இறக்கி, திரும்பிப் பார்த்தான்.

"நீரும் வாரும்" என்றான்.

"நான் என்னத்துக்கு?"

"அவள் நூறு கேள்வி கேப்பாள். எனக்கு மறுமொழி தெரியாது. வாரும்."

எமில்டா கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வின்சன்ற் இருக்கிறான்" என்றான் அல்பேட். "செட்டிகுளத்திலை. இவருக்குத்தான் செய்தி வந்தது. இவரிட்டைக் கேளும்."

எமில்டா இக்னேசியஸின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். அல்பேட்டுக்கு உடனே வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிவு கிளம்பியது. இத்தனைக்குப் பிறகும் அது போகவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் குசினிக்குள் போய்க் கேத்திலில் தண்ணீர் பிடித்தான். முன்னறையில் அவளுடைய கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எந்தக் கால்? மருந்து கிடைக்குதாமோ? மெலிஞ்சுபோனானாமோ?

பிறகு அவள் குரல் குசினிப் பக்கம் திரும்பியது.

"இஞ்சருங்கோ, அங்கை என்ன செய்யிறீங்கள்? வந்து இருங்கோ. நீங்களும் கேளுங்கோ."

அல்பேட் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.