வாசலோர நாற்காலி

எது முதலில் நடந்தது என்பதில் அவளுக்கு இன்றுவரை தெளிவில்லை. அம்மாவின் கண்களை மூடிவிட்டுக் கதவைத் தாழிட்டாளா, தாழிட்டுவிட்டு வந்து மூடினாளா? தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் வரிசை மாறிவிடுகிறது. ஆகவே இங்கேயும் அது முன்பின்னாக இருக்கலாம். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கும் அது நன்றாக நினைவிருக்கிறது. அவன் அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"குட்டி! என்னாச்சு? கதவைத் திற."

"ஒரு நிமிஷம்ணே."

"ஃபோன்ல உடனே வான்னு சொன்ன. வந்தா கதவைச் சாத்தற. அம்மா எப்படி இருக்காங்க?"

காலையில் அம்மாவின் கை சில்லிட்டிருப்பதை உணர்ந்ததும் அவள் அண்ணனை ஃபோனில் கூப்பிட்டிருந்தாள். அதுவரை சரி. ஃபோனை வைத்துவிட்டுப் போர்வையை விலக்கியபோதுதான் படுக்கை நனைந்திருப்பது தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவன், காரை எடுத்தால் வந்துவிடுவான். வந்தும் விட்டான்.

அம்மாவை ஒருபக்கமாகச் சாய்த்தாள். விரிப்பை உருவினாள். நைட்டியைக் கழற்றி, வெந்நீரில் துணி நனைத்து இடுப்பிலிருந்து பாதம்வரை துடைத்தாள். மடிப்பு கலையாத வேறொரு நைட்டியை மாட்டும்போது அம்மாவின் கை வளைய மறுத்தது. வெளியே தட்டல் இடியாக மாறியிருந்தது. "தாழ்ப்பாளை எடுடி! அம்மா என்னைக் கேக்கறாங்களா? ஏதாவது பேசறாங்களா?" என்றான் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

நனைந்ததையெல்லாம் குளியலறை வாளியில் அமுக்கி, மேலே சோப்புத்தூளைக் கொட்டி, கதவை மூடினாள். பவுடரை எடுத்துக் கழுத்தில் தூவினாள். அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தாள்.

அண்ணன் உள்ளே வந்தான். அம்மாவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் கைகள் முழங்கைவரை ஈரமாக இருந்தன.

"எவ்வளவு நேரம் தட்டினேன்?" என்றான். அவ்வளவுதான். பிறகு அம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

*

அம்மா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இணைப்புக் கம்பிகளைச் செருகும் பலகைக்கு முன் உட்கார்ந்தால், சூப்பர்வைசர் ஆள் மாற்றிவிடும்வரை எழுந்திருக்க முடியாது. அடக்கிக்கொள்ளப் பழகியது அங்கேதான். வாயை அடக்கப் பழகியதும் அங்கேதான். யாருடைய குடும்பம் எந்த இரவு உடைந்தது என்பதெல்லாம் அவள் காது வழியாகவே போயிருக்கிறது. ஒன்றுகூட வாய்க்கு வந்ததில்லை.

வயதானபின் அடக்கம் அவளைக் கைவிட்டது. வந்துவிட்டது என்று தோன்றினால் வந்தேவிட்டது. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், சாவியைப் பூட்டில் நுழைத்தால் போதும். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை. உடுத்துவதெல்லாம் கறுப்பும் கருநீலமும். இதெல்லாம் எதற்கென்று மகள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மகள்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். சிறுநீர்ப்பை தேவையில்லாமல் சுருங்குகிறது, அந்தத் தசைக்குப் போகிற உத்தரவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். முதலில் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், காபியைக் குறைக்கச் சொன்னார். அது போதவில்லை என்றபோது மாத்திரை எழுதினார். "வாய் காயும். மலச்சிக்கல் வரும். கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியலாம். உங்க வயசுக்கு ஞாபகமும் தடுமாறலாம். அப்படி ஏதாவது இருந்தா உடனே வரணும். அதைவிட முக்கியம், இதோட சளிக்கோ அலர்ஜிக்கோ தூக்கத்துக்கோ எந்த மாத்திரையும் என்னைக் கேக்காம போடக் கூடாது. சிலது இதே வேலையைத்தான் செய்யும். ரெண்டும் சேர்ந்தா மூளையைக் குழப்பிடும்."

அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "உங்கண்ணனுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள்.

"ஏம்மா, அவன் என்ன வேத்தாளா?"

"அவனுக்கு நான் டவுசர் மாட்டிவிட்டவ. என்னை அவன் அப்படிப் பாக்க வேணாம்."

மாத்திரை நன்றாகவே கேட்டது. அம்மா பச்சைப் புடவை வாங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது, "கீழ மூடினா மேலயும் மூடிக்குது. ஒரே வால்வு போல" என்று சிரிப்பாள். எழுத்து மங்குகிறது என்றபோது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற மகள் பவர் கூடியிருக்குமென்று இரண்டு முறை புதுக் கண்ணாடி செய்துகொடுத்தாள். இரண்டிலும் மங்கலாகவே தெரிந்தது. அது மாத்திரையின் வேலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கையால் தீட்டியது தப்பாக இருக்குமோ என்றுதான் மறுபடி மறுபடி அளந்து பார்த்தாள்.

பகலில் எல்லாம் சரிதான். இரவுக்குத்தான் அம்மா பயந்தாள். அதனால் மகன் வீட்டில் ஒரு இரவும் தங்கியதில்லை. அண்ணி புதுப் படுக்கை வாங்கிப் போட்டும் தங்கவில்லை.

கடைசி இரண்டு நாள் அம்மா சுருண்டு கிடந்தாள். சளி, லேசான காய்ச்சல். முந்தின நாள் மாலை மகள் கடையிலிருந்து வந்தபோது, அம்மா கட்டிலில் சாய்ந்து இரு கைகளையும் காற்றில் அளைந்துகொண்டிருந்தாள். எதையோ பிடித்து இழுப்பதும் எதிலோ செருகுவதுமாக. "நம்பர் சொல்லுங்க... லைன்ல இருங்க..." முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. காய்ச்சல் வேகம் என்று மகள் நினைத்தாள். காலையில் டாக்டரிடம் போகலாம் என்று நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கடைசியில் அம்மா கைகளை இறக்கி, "எல்லா லைனும் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

*

டாக்டரம்மா வந்தபோது அண்ணன் கூடத்தில் உறவுக்காரர்களுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தான். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகியதால், பதற்றம் வந்தால் எங்கே இருந்தாலும் வலது கால் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் பார்த்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நேத்து எப்படி இருந்தாங்க?"

மகள் சொன்னாள். காற்றில் செருகிய கைகளைச் சொல்லும்போது டாக்டரின் பேனா நின்றது.

"வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

"இல்லையே டாக்டர். வெந்நீர், கஞ்சி, அவ்வளவுதான்."

டாக்டரின் பார்வை அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மகள் அதை இதற்குமுன் பார்த்ததில்லை. டாக்டர் எடுத்துத் திருப்பிப் படித்தார். பாதி காலியாகியிருந்தது.

"சளி மாத்திரை. யார் வாங்கிக் குடுத்தது?"

கூடத்தில் அண்ணன் மூக்கை உறிஞ்சி இருமினான். அவனுக்கும் சளி. அம்மாவைப் பார்க்க மகள் கடையில் இருக்கும் நேரத்தில் தினமும் வந்துபோகிறவன். மருந்துக் கடையில் இரண்டு அட்டையாகக் கேட்டு வாங்கி, ஒன்றை அம்மாவின் கையில் வைத்து, முதல் மாத்திரையைப் பக்கத்தில் நின்று விழுங்க வைத்திருப்பான். அப்படித்தான் அவன். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதை மகனிடம் சொல்வதற்கு விழுங்குவதே மேல் என்று நினைத்திருப்பாள்.

இதெல்லாம் மகளுக்கு ஒரே மூச்சில் புரிந்தது.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில். "இதயம் ஏற்கெனவே பலவீனம். காய்ச்சல் வேற. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது." அட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "நான் எழுத வேண்டியதை எழுதறேன். வீட்டுக்குள்ள யார்கிட்ட என்ன சொல்லணும்கிறது உங்க விஷயம்."

அண்ணன் உள்ளே வந்தான்.

"டாக்டர், ஒண்ணு மட்டும் கேக்கணும். நான் வந்து தட்டினப்போ அம்மாவுக்கு உயிர் இருந்துதா?"

"இல்லை. தூக்கத்திலேயே போயிட்டாங்க. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே."

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பினான்.

"அப்போ எதுக்குத் தாழ்ப்பாள்?"

அவள் கைக்குள் அட்டையின் ஓரம் குத்தியது. டாக்டர் பையை மூடும் சத்தம் கேட்டது.

*

வாடகை நாற்காலிகள் வந்தன. தெருவில் பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். பெரியம்மா ஒருத்தி, எங்கே போனாலும் முதலில் சமையலறையைப் பார்த்துவிட்டு வருகிறவள், மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்த கையோடு கேட்டாள்: "கதவைச் சாத்திக்கிட்டியாமே? ஏன்டி, பீரோச் சாவி யார்கிட்ட?"

"பீரோவைப் பத்தி நான் கேக்கல பெரியம்மா" என்றான் அண்ணன், எல்லோரும் கேட்கும்படி. "அது அவளே வெச்சுக்கட்டும். என்னை ஏன் வெளிய நிக்க வெச்சா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"விடுப்பா. பொணத்த வெச்சுக்கிட்டு..." என்றார் யாரோ ஒருவர்.

"எத்தனை வருஷமா நிக்கறேன் தெரியுமா? என் வீட்டுக்கு வந்தா வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காருவாங்க, எப்படா எந்திரிக்கலாம்னு. ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. என் பொண்டாட்டி என்ன பேயா? இன்னிக்குக் கடைசியாப் பாக்கலாம்னு ஓடி வந்தா, அப்பவும் தாழ்ப்பாள்."

எல்லாக் கண்களும் அவள்மேல் வந்து நின்றன. ஒரே ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்கு அடக்க முடியாது, படுக்கை நனைந்திருந்தது, மாற்றினேன். அவள் இந்தப் பழியிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியம் சும்மா நிற்காது. எப்போதிலிருந்து, டாக்டரிடம் போகவில்லையா, என்ன மாத்திரை என்று அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்பான். கடைசிக் கேள்வியில் அவனே வந்து நிற்பான். அதோடு அம்மா இன்னும் கூடத்தில், பச்சைப் புடவையில் படுத்திருந்தாள். இத்தனை பேர் முன்னால்.

"எனக்குத் தோணல" என்றாள். "பயந்துட்டேன்."

"பயந்தவ கையெல்லாம் ஈரமா இருக்குமா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். பெரியம்மா உச்சுக் கொட்டினாள். அண்ணி மட்டும் எழுந்து குளியலறைப் பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை.

மதியம் வண்டி வந்தது. தூக்கும்போது அண்ணன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டான். அவளை நெருங்கவிடவில்லை.

*

எல்லாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கி எடுத்துப்போனபிறகு வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கொல்லையில் கொடியில் விரிப்பும் நைட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை அலசவில்லை. அண்ணி கொடியருகே நின்று கிளிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே அண்ணன் கிளம்பத் தயாராகச் சாவியைக் கையில் வைத்திருந்தான். இப்படியே போனால் இனி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, உக்காரு."

"எதுக்கு?"

"அம்மாவுக்கு அடக்க முடியாது. பல வருஷமா."

அவனுக்குப் புரியவில்லை.

"ஒண்ணுக்கு. வந்தா நிக்காது. அதனாலதான் வாசலோரமா உக்காருவாங்க. உன் வீட்டுல மட்டும் இல்ல, எங்க போனாலும். அண்ணி வாங்கின படுக்கை நனைஞ்சிடும்னு பயம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. காலையில கூட..." அவள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். "அம்மாவை நீ அப்படிப் பாக்கக் கூடாது. அதான்."

அண்ணன் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தான். வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது. பிறகு மெதுவாகத் தளர்ந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான். "கார்ல ஒரு ரப்பர் ஷீட்டு போட்டிருப்பேன். அவ்வளவுதானே." கொடியிலிருந்து கண்ணை எடுத்து, "டாக்டர்கிட்ட காட்டலையா? இதுக்கு மருந்து இல்லையா?" என்றான்.

அவள் சேலை மடிப்பைத் தொட்டாள். அட்டை இடுப்பில் இருந்தது.

"காட்டினோம். பயிற்சி சொன்னாங்க. அம்மாதான் ஒழுங்காச் செய்யல."

"சொன்னா எதைக் கேட்டாங்க" என்றான். முதல்முறையாக அழுதான். அழுகையோடு சளியும் சேர்ந்து மூச்சுத் திணறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"தலை வெடிக்குது. அம்மாவுக்கு ஒரு சளி மாத்திரை வாங்கிக் குடுத்தேனே, ஜன்னல்ல வெச்சிருப்பாங்க. இருந்தா ஒண்ணு எடு."

"தீர்ந்துபோச்சுண்ணே" என்றாள். "வெந்நீர் வைக்கறேன். ஆவி பிடி."

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். குழாயைத் திறந்து பாத்திரத்தை நிரப்பினாள். தண்ணீர் விழும் சத்தம் வீடெங்கும் கேட்டது. யாரும் எழுந்து ஓடவில்லை.

*

அண்ணன் இன்னும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையைப் பார்க்க வருகிறான், வாசலோரமே உட்காருகிறான். அண்ணி அந்த விரிப்பைப் பற்றி இதுவரை ஒன்றும் பேசியதில்லை. பெரியம்மா இன்னும் பீரோச் சாவியைப் பற்றிப் பேசுகிறாள். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். மகள் கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறாள். மங்கலாகத் தெரிகிறது என்று வயதானவர்கள் யாராவது வந்தால், லென்ஸை எடுப்பதற்கு முன்னால், என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று கேட்கிறாள்.